நிலைக்கதவைச் சாத்தினால் படம் நின்றுவிடும்: செட்டிநாட்டு வீட்டில் ராஸ்பெரி பை 4

ராஸ்பெரி பை 4 என்னும் சீட்டுக்கட்டு அளவுள்ள கணினியை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மாட்டி ஓராண்டும் நான்கு மாதங்களும் ஆகின்றன. அதற்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான். வீட்டின் முன்பக்கத்தில் இருக்கும் மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்துள்ள படங்களை, இரண்டாங்கட்டில் இருக்கும் தொலைக்காட்சியில், முழு உயர்தெளிவில், இடையில் நிற்காமல் அது காட்ட வேண்டும். இப்போது அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. முதல் இரண்டு மாதங்கள் செய்யவில்லை; அந்த இரண்டு மாதமும் நான் வைதது அந்தச் சிறிய பெட்டியைத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்துப் பார்த்த பிறகுதான், பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோளாறு இருந்தது தெரிந்தது. இதை வாங்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகட்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பழைய வீடு. முகப்பைக் கடந்தால் வளவு என்னும் முற்றம், வளவைக் கடந்தால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. திண்ணையை ஒட்டிய கணக்கப்பிள்ளை அறையில் இப்போது கணக்கும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஃபைபர் இணைப்பின் ரௌட்டரும் என் மேசைக் கணினியும் அங்கே குடியிருக்கின்றன. படம் பார்ப்பவர்களான அப்பச்சியும் (அப்பா) ஆத்தாளும் (அம்மா) எண்பத்து நான்கு வயதாகும் அப்பத்தாவும் இரண்டாங்கட்டை விட்டு முன்னால் வருவதில்லை. ரௌட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் ஏறத்தாழ நூற்றைம்பது அடி தூரமும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இரண்டடிக் கனத்தில் எழுப்பிய சுவர்கள் மூன்றும் இருக்கின்றன.

படங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த உறவினர்கள் ஒவ்வொரு வருகையிலும் வாங்கிவந்த டிவிடிகளும், பின்னாளில் நானே வாங்கிய சில ப்ளூரே வட்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. வட்டு இயக்கி பழுதாகி, சில டிவிடிகளில் வெள்ளைப் புள்ளி விழத் தொடங்கியதும், எல்லாவற்றையும் டிஸ்கில் ஏற்றினேன். அவற்றோடு, வீட்டில் நடந்த கல்யாணங்களும் அய்யாவின் வயது நிறைவுச் சாந்தியும் கடைசியாக நடந்த முன்னோர் வழிபாடான படைப்பும் வீடியோவாக இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், சினிமாவைவிட அதிகம் ஓடுவது கல்யாண வீடியோக்கள்தான். எங்கள் பக்கத்துக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு உண்டு. 1940களின் நடுவில் ஏ.வி.எம். ஸ்டுடியோ தொடங்கியது இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான், 1948இல்தான் அது சென்னைக்குப் போனது. அந்தப் பழைய படங்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது அப்பச்சியின் நெடுநாள் ஆசை.

இனிப் பெட்டியைப் பற்றி. ராஸ்பெரி பை 4, 2019 ஜூன் மாதம் வெளிவந்தது. நான்கு கருக்கள் கொண்ட செயலி, கிகாபிட் வேகமுள்ள வலைக்கம்பித் துளை, இரண்டு யூஎஸ்பி 3.0 துளைகள், இரண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளைகள், யூஎஸ்பி சி வழியாக மின்சாரம். நினைவகம் 1, 2, 4, 8 ஜிபி என்று வெவ்வேறு அளவுகளில் கிடைக்கும். நான் வாங்கியது 2 ஜிபி. படம் பார்ப்பதற்கு அது தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் இந்த வேலைக்குப் பயன்படாது. மின்விசிறி இல்லாததால் சத்தம் என்பதே இல்லை. நள்ளிரவில் வளவில் ஆள் நடந்தால் இரண்டாங்கட்டில் கேட்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

இவ்வளவு சிறிய கணினியால் உயர்தெளிவுப் படத்தை ஓட்ட முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். படத்தின் சுருக்கத்தை அவிழ்ப்பது பொதுச் செயலியின் வேலையாக இருந்தால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் இந்தச் சில்லுக்குள் அதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ப்ளூரே வட்டுகளிலும் பெரும்பாலான வீடியோக்களிலும் உள்ள எச்.264 வகையை 1920க்கு 1080 அளவில், விநாடிக்கு 60 பிரேம் வரை அந்தப் பகுதியே அவிழ்க்கிறது, எச்.265 வகையை 4கே அளவிலும் அவிழ்க்கிறது. அப்போது பொதுச் செயலி ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. அப்பச்சியின் டிவிடிகளில் உள்ள எம்பெக் 2 வகைக்கு இந்த வன்பொருள் உதவி இல்லை. ஆனால் அது 720க்கு 576 அளவேயுள்ள சிறிய படம் என்பதால் செயலியே எளிதாகச் சமாளித்துவிடுகிறது. இடறக்கூடியவை இரண்டு. பத்து பிட் நிற ஆழத்தில் சுருக்கிய எச்.264 கோப்புகளுக்கும், புதிதாகப் பரவிவரும் ஏவி1 வகைக்கும் வன்பொருள் உதவி கிடையாது. உங்கள் சேமிப்பில் இவை அதிகம் இருந்தால் இந்தப் பெட்டி உங்களுக்கானது அன்று.

கல்யாண வீடியோக்கள்தான் இங்கே தலைவலி கொடுத்தன. வீடியோகிராபர்கள் தரும் பழைய கோப்புகள் பலவும் 1080i என்ற ஒன்றுவிட்ட வரிமுறையில் இருக்கும். ஒற்றை வரிகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டை வரிகள் அடுத்த நொடித்துளியிலும் பதிவானவை. அப்படியே ஓட்டினால், தாலி கட்டும் திருப்பூட்டுதலின்போது மாப்பிள்ளை கையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கையின் ஓரம் சீப்புப் பல்லைப்போலப் பிளந்து தெரிந்தது. பெட்டியின் அமைப்புகளில் அதைச் சரிசெய்ய முயன்று அலுத்துப் போய், மேசைக் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் விநாடிக்கு 50 முழுப் பிரேம்களாக ஒருமுறை மாற்றிவிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு ஓர் இரவு என்று கணக்கு. நகரத்தார் கல்யாணம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாற்றிய பிறகு சரிகைக் கரையின் நெளிவுகூடத் துல்லியமாகத் தெரிகிறது.

மென்பொருளாக லிப்ரெலெக்கைப் போட்டிருக்கிறேன். கோடி என்ற படக்காட்டி மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டுமே செதுக்கிய சிறிய இயங்குதளம் அது. கோடி தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014இல் இப்பெயருக்கு மாறியது. எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள் கோடி இருக்கிறதா என்று அப்பச்சி இன்றும் கேட்பார். நிறுவுவது கடினமன்று. கணினியில் எஸ்டி அட்டையில் எழுதி, பெட்டியில் செருகி, மின்சாரம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் திரை வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ள ஒரே சிக்கல், விண்டோஸ் கணினியில் பகிர்ந்த கோப்புறை கோடியின் வலைப் பட்டியலில் தென்படாமல் இருப்பது. பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10இன் 2017 பதிப்பு முதலே கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் வடிவம் முடக்கப்பட்டிருக்கிறது. அதனால் பட்டியலில் தேடிக்கொண்டிராமல், கணினியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நாமே தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, பெட்டியை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் உட்கார்ந்து முதல் படத்தைப் போட்டோம். நாற்பது நிமிடங்கள் படம் கண்ணாடியைப்போல ஓடியது. விளக்கு வைத்த பிறகு வேலையாள் முகப்புக் கதவைச் சாத்திவிட்டு, வளவுக் கதவையும் சாத்தினார். அத்துடன் படம் நின்றது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரௌட்டரைப் பார்க்கலாம் என்று நான் கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனேன். படம் ஓடத் தொடங்கிவிட்டதாக ஆத்தா கூப்பிட்டுச் சொன்னார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், மீண்டும் நின்றது. கதவுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை முதலில் சொன்னது அப்பத்தாதான். “நீ கதவைத் தொறந்தா ஓடுது, சாத்தினா நிக்குதப்பா” என்றார்கள். நான் நம்பவில்லை.

அவர்கள் சொன்னது முழு உண்மை. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும்படி கதவுகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். சுவரைத் துளைக்க முடியாத வைஃபை அலை, திறந்த கதவுகளின் வழியாகத்தான் இரண்டாங்கட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் வேகத்தை அளந்து பார்த்தேன். கணக்கப்பிள்ளை அறையிலேயே நின்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 300 மெகாபிட்டைத் தாண்டியது. இரண்டாங்கட்டில் அந்த அலைவரிசை அறவே எட்டவில்லை. தடுப்புகளைச் சற்று நன்றாகக் கடக்கக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸில், கதவுகள் திறந்திருந்தால் 15 முதல் 18 மெகாபிட். மூன்று விரற்கனத் தேக்குக் கதவுகள் இரண்டையும் சாத்தினால் 5 மெகாபிட். வளவுச் சுவரில் ஆளுயரத்தில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளும் உதவவில்லை. கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது படத்தின் தேவையைக் கணக்கிடலாம். என்னிடம் உள்ள உயர்தெளிவுக் கோப்புகள் சராசரியாக விநாடிக்கு 10 மெகாபிட் வேகம் கேட்பவை. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 9,000 விநாடி. 90,000 மெகாபிட், அதாவது 11 ஜிபிக்குச் சற்று மேல். ஆனால் சராசரியை நம்பக்கூடாது. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு 4 மெகாபிட் போதும். மழையும் கூட்டமும் ஆட்டமுமாக இருக்கும் பாட்டுக்கு 25 மெகாபிட் வேண்டியிருக்கும். வட்டிலிருந்து சுருக்காமல் அப்படியே எடுத்த ப்ளூரே கோப்பில் படம் மட்டுமே 40 மெகாபிட் வரை போகலாம். ஆகவே, வசனம் பேசும்போது நன்றாக ஓடி, பாட்டு வந்ததும் நின்றால், கோளாறு பெட்டியில் இல்லை, வழியில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். எங்கள் வீட்டில் கதவு சாத்தியபோது சண்டைக்காட்சியும் நின்றது, சாதாரண வசனமும் நின்றது.

வைஃபையைக் காப்பாற்ற நான் செய்த கூத்துகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வளவின் மூலையில் அலையை மீட்டு அனுப்பும் கருவி ஒன்றை வைத்தேன். ஒரே வானொலியால் வாங்கி, அதே வானொலியால் திருப்பி அனுப்பும் மலிவான வகை என்பதால் வேகம் பாதியாகக் குறைந்ததுதான் மிச்சம். ஒரு வாரம், ஹார்டு டிஸ்கையே கொண்டுவந்து பெட்டியின் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் செருகிப் பார்த்தேன். அதிலிருந்து படம் நன்றாக ஓடியது. ஆனால் கொஞ்சநஞ்சம் இருந்த வைஃபையும் செத்துவிட்டது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தவிர, இந்தப் பெட்டியின் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே தர முடியும் என்பதால், தனி மின்சாரம் இல்லாத இரண்டு டிஸ்குகளை ஒன்றாக மாட்டுவது வம்பு.

கடைசியில் செய்தது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. கேட் 6 வகை வலைக்கம்பி எழுபது மீட்டர் வாங்கி, ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு இழுத்தேன். இந்தக் கம்பிக்கு 100 மீட்டர் வரை வேகம் குறையாது என்பதால், தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கும் அது போதும். சுவரைத் துளையிட அப்பச்சி சம்மதிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சில் ஒருமுறை துளை விழுந்தால் அதைப் பழையபடி பூசிக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது என்பது அவர் வாதம், அது சரியான வாதமும்கூட. அதனால், பழைய மின்கம்பிகள் ஏற்கெனவே போகும் துளைகளின் வழியாகவே இதையும் விட்டு, உத்தரத்தின் மேல் ஓரமாகக் கொண்டுபோனோம். மின்கம்பியோடு ஒட்டிப் போகாமல் ஒரு சாண் தள்ளியே போக வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவைத்தேன். அணிலும் எலியும் கடிக்கக்கூடிய இடங்களில் பிவிசி குழாய்க்குள் விட்டோம். கம்பி, குழாய், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

அன்று மாலை அளந்தபோது விநாடிக்கு 940 மெகாபிட் வந்தது. படத்தைத் தொட்டதும் ஓடுகிறது. ஒரு மணி நேரம் தாண்டி ஓட்டினாலும் இரண்டு விநாடிக்குள் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ரௌட்டரின் துளை 100 மெகாபிட் வகையாக இருந்தாலும் கவலை இல்லை. ப்ளூரே வட்டின் உச்சமே அதில் பாதிதான். 4கே வட்டுக் கோப்புகளை அப்படியே ஓட்ட நினைத்தால் மட்டும், அவை 128 மெகாபிட் வரை போகக்கூடும் என்பதால், கிகாபிட் வேண்டும். முந்தைய ராஸ்பெரி பை 3 வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்; அதன் கம்பித் துளை 100 மெகாபிட்தான், ஆனாலும் எச்.264 உயர்தெளிவுப் படத்துக்கு அது போதும்.

கம்பி போட்டதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மேசைக் கணினியை இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட வேண்டியதில்லை. வலைக்கம்பி வழியாகச் செய்தி அனுப்பி, தூங்கும் கணினியை எழுப்பும் வசதி கோடியின் மின்சேமிப்பு அமைப்புகளிலேயே இருக்கிறது. படத்தைத் தேர்ந்ததும் முன்கட்டில் கணினி எழுந்துகொள்ளும். சுமார் இருபது விநாடி பொறுக்க வேண்டும். மின்கணக்கைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். பெட்டி படம் ஓட்டும்போது நான் அளந்த அளவில் 5 வாட்; இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்தான். சும்மா இருக்கும்போதே 60 வாட் குடிக்கும் மேசைக் கணினி அதே இரண்டு மாதத்தில் 86 யூனிட்டைத் தின்றுவிடும். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

மின்சாரத்தைச் சொல்லும்போது அடாப்டரைச் சொல்லாமல் விட முடியாது. பெட்டிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். கைப்பேசிக்கான சார்ஜர் ஒன்று வீட்டில் இருந்ததால், அதையும் மெல்லிய நீளக் கம்பி ஒன்றையும் கொண்டு முதல் மாதத்தை ஓட்டினேன்; வாரம் ஒருமுறை காரணம் இல்லாமல் பெட்டி அணைந்து எழுந்தது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இயங்குதளத்தின் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதப்படும். திறந்து பார்த்தபோது ஒரே மாலையில் நாற்பது எச்சரிக்கைகள் இருந்தன. அதற்கென்றே விற்கப்படும் 15 வாட் அடாப்டரை வாங்கிப் போட்ட பிறகு ஒன்றுகூட வரவில்லை. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதம் பெட்டியைச் சந்தேகித்தேன். மின்வெட்டு பற்றிப் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. லிப்ரெலெக்கின் இயங்குதளப் பகுதி படிக்க மட்டுமேயான கோப்பாக இருப்பதால், திடீரென அணைந்தாலும் அது கெடுவதில்லை. படப் பட்டியலும் அமைப்புகளும் இருக்கும் பகுதி கெடலாம் என்பதால் மாதம் ஒருமுறை படி எடுத்து வைக்கிறேன்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைக்காட்சியின் கீழே உள்ள தேக்கு அலமாரிக்குள் பெட்டியை வைத்துக் கதவை மூடியது நான் செய்த தவறு. செயலி 80 பாகையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அக்கினி நட்சத்திரத்தில், மூடிய அலமாரிக்குள், அதைத் தொட அதிக நேரம் ஆகவில்லை. அலுமினிய உறைக்கு மாற்றி, தொலைக்காட்சியின் பின்புறம் காற்றுப் படும்படி மாட்டியதும், மே மாதத்திலேயே 60 பாகைக்கு மேல் ஏறவில்லை.

இரண்டாங்கட்டுக்காரர்களுக்கு மேலே சொன்ன எதுவும் ஒரு பொருட்டல்ல. அவர்களுக்கு முக்கியம் ரிமோட்டும் சத்தமும். ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாகவே ரிமோட் கட்டளைகளைக் கடத்தும் சிஇசி என்ற வசதியால், தொலைக்காட்சியின் ரிமோட்டே பெட்டியையும் இயக்குகிறது. தனி ரிமோட் வேண்டியதில்லை. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று அதற்கு வெவ்வேறு பெயர். தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டும். பெட்டியில் உள்ள இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகளில், மின்சாரத் துளையை அடுத்துள்ளதில் கம்பியைச் செருக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தத் துளைகள் மைக்ரோ வகையாக இருப்பது எனக்குப் பிடிக்காத ஒன்று. வழக்கமான கம்பி பொருந்தாது. பொருந்தும் கம்பியும் சற்று இழுத்தால் ஆடுகிறது.

சத்தம் பற்றிய புகார் அப்பச்சியிடமிருந்து வந்தது. பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு கேட்கவில்லை என்றார். புதிய படங்களின் ஒலி ஆறு தடங்களில் இருக்கும். வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கும். தொலைக்காட்சியின் இரண்டு ஒலிபெருக்கிகளுக்காக ஆறையும் கலக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. படம் ஓடும்போதே திறக்கும் ஒலி அமைப்பில் நடுத்தடத்தை மட்டும் உயர்த்தும் வசதி கோடியில் உண்டு. 6 டெசிபெல் உயர்த்தி, எல்லாப் படங்களுக்கும் அதுவே என்று சேமித்துவைத்தேன். அதோடு, படத்தின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் தொலைக்காட்சியின் வேகத்தை மாற்றும் அமைப்பையும் இயக்கிவைத்தேன். சினிமா விநாடிக்கு 24 பிரேம். தொலைக்காட்சி 60இல் ஓடினால் ஒரு பிரேம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் நொண்டுவது அதனால்தான். ஒருமுறை சரிசெய்து பார்த்தவர்களால் மறுபடி அந்த நொண்டலைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பெட்டியை யார் வாங்கக்கூடாது என்பதும் தெளிவு. நெட்பிளிக்ஸ், பிரைம் போன்றவற்றை மட்டும் பார்ப்பவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். அந்தச் சேவைகள் உயர்தெளிவுப் படத்தை அனுப்புவதற்குக் கேட்கும் வன்பொருள் நிலைப் பாதுகாப்புச் சான்று ராஸ்பெரி பையில் இல்லை. துணைநிரல் வழியாக ஓடினாலும், பொதுவாகக் குறைந்த தெளிவிலேயே கிடைக்கும். அதற்குத் தொலைக்காட்சியில் செருகும் ஆண்ட்ராய்டு குச்சியே மேல். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று அடுத்த துளையில் இருக்கிறது. டால்பி விஷன் என்ற உயர்ரக ஒளி, நிற முறையும் இதில் கிடையாது.

2023 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை 5ஐ வாங்கலாமா என்று தேவகோட்டை அம்மான் கேட்டார். அதன் செயலி வேகமானது; ஆனால் எச்.264ஐ அவிழ்க்கும் தனி வன்பொருளை அதில் எடுத்துவிட்டார்கள். செயலியே 1080 படத்தை அவிழ்த்துவிடும் என்பதால் படம் நிற்காது. ஆனால் மின்விசிறி இல்லாமல், 5 வாட்டில், சத்தமின்றிப் படம் காட்டுவதுதான் நோக்கம் என்றால், பழைய 4தான் பொருத்தம் என்று சொன்னேன். எனக்குப் பெட்டி, உறை, அடாப்டர், அட்டை, கம்பி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. வலைக்கம்பிச் செலவு தனி. அம்மான் வீடும் எங்கள் வீட்டைப்போல நீளமானதுதான் என்பதால், பெட்டி வாங்கும் முன் கம்பி போகும் வழியைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தீராத குறை ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கள் தொலைக்காட்சியின் ரிமோட்டில் பின்னால் போகும் பொத்தான் பெட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. தொலைக்காட்சியே அதை எடுத்துக்கொண்டு அலைவரிசைப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறது. படம் முடிந்ததும் அப்பத்தா அதை அழுத்துவார்கள், செய்தி அலைவரிசை வந்துவிடும், என்னைக் கூப்பிடுவார்கள். வெளியேறும் பொத்தானை அழுத்தச் சொல்லி, அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை சரியாக அழுத்தியிருக்கிறார்கள்.